தமிழுக்கு அடுத்த வரி

சுலோசனா எவரிடமும் டோக்கனைத் திருப்பிக் கேட்டதில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில், திருச்சானூரில் கோயிலுக்குப் போகும் தெருவில், பக்தர்களின் செருப்பையும் பையையும் வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் கடையில் அவள் வேலை செய்தாள். எண் போட்ட அட்டைகளைக் கடைக்காரர் ஒரு டப்பா நிறையக் கொடுத்திருந்தார். அவள் அவற்றைக் கொடுப்பாள். ஆனால் தரிசனம் முடிந்து வருகிறவர் சட்டைப் பையில் துழாவத் தொடங்கும் முன்பே அவருடைய செருப்பு அவர் காலடியில் வந்து விழும்.

"டோக்கன் எதுக்கு சாமி? மூஞ்சி கீதே, போதாதா?"

இதையே தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும், பெங்களூரிலிருந்து வந்தவரிடம் கன்னடத்திலும், வடக்கத்தியரிடம் அவளாகத் தைத்துக்கொண்ட ஓர் இந்தியிலும் சொல்வாள். திட்டுவதும் நான்கு மொழியிலும்தான். ஷேர் ஆட்டோக்காரன் கடை வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினால், அவள் குரலுக்கு எதிர் வரிசைக் கடைக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் அவள் கணவன், சம்பத். திருத்தணிப் பக்கத்தில் பிறந்து, தமிழில் பத்தாவது வரை படித்து, வயரிங் வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, திருச்சானூரில் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். அவள் வீடு ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பும் மாமரமும் வைத்திருந்த குடும்பம். இரண்டு வீட்டுப் பேச்சிலும் வேறுபாடே கிடையாது. பெண் பார்த்துவிட்டு வெளியே வந்த என் நைனா, "ஸ்டேட்டுதான் வேற, வாய் ஒண்ணுதான்" என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தில் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

நான் காகிதத்தை நம்புகிறவன். கரண்ட் பில் முதல் மிக்ஸி கேரண்டி அட்டை வரை ஆண்டு வாரியாக ஃபைல் போட்டு வைத்திருப்பேன். அவள் அதைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "இந்த வூட்ல மனுஷன் படுக்க எடம் இல்ல, பைலு கால நீட்டிப் படுத்துக்கினு கீது." சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை என் தம்பி ஆண்டுதோறும் திருத்தணியிலிருந்து அனுப்புவான். அதில் என்ன கிழமை, என்ன திதி என்று பார்க்க வேண்டுமானால் அவள் எங்கள் மகள் பவ்யாவைக் கூப்பிடுவாள், இல்லையென்றால் என்னைக் கேட்பாள். கை வேலையாக இருக்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவளுடைய வலது கையில்தான் பிடிப்புப் போயிற்று. டோக்கன் டப்பா நழுவி விழுந்தது. பிறகு பெரிய பைகளை மேல் தட்டில் ஏற்ற முடியவில்லை. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். வழக்கு நடப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு நரம்பை அழுத்துகிறது, அறுத்துச் சரிசெய்யலாம் என்றார்கள். நரம்புப் பரிசோதனை ஒன்று எடுக்க வேண்டும் என்று அவர்களே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள்.

"எல்லா ரிப்போர்ட்டும் கையில வரட்டும். இன்னொரு எடத்துல காட்டிக்கினு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன் வீட்டுக்கு வந்து.

"அதுக்குள்ள கடையில வேற ஆள வெச்சிடுவாங்க" என்றாள் சுலோசனா.

"வெச்சா வெச்சிக்கட்டும்."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

அது கார்த்திகை மாதம். கோயிலில் தாயாருக்குப் பிரம்மோற்சவம். லாட்ஜில் படிக்கட்டில்கூட ஆள் படுத்திருந்த நாட்கள். ஜெனரேட்டரும் போர் மோட்டாரும் என் பொறுப்பு. கட்டடத்தை விட்டு நகர முடியாது, இரவும் அங்கேயே படுத்தேன். உற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று மாலை அவள் தம்பி ஹேமநாத் போன் செய்தான்.

"மாமா, அக்காவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிது. நல்லா கீது."

"யாரக் கேட்டுடா பண்ணாங்க?"

"அவசரம்னாங்க மாமா. நீங்க வாங்க, பேசிக்கலாம்."

போனேன். கழுத்தில் கட்டுடன் கண் மூடிப் படுத்திருந்தாள். நரம்புப் பரிசோதனை அதற்குப் பிறகுதான் நடந்தது. அந்த ரிப்போர்ட்டில் உள்ள தேதியை நான் கவனித்ததும் பிறகுதான்.

கை திரும்பி வரவில்லை. இடது கையும் போகத் தொடங்கியது. பிறகு கால், பிறகு நாக்கு. நான்கு மொழியில் கத்திய வாயில் சோறு நிற்காமல் வழிந்தது. சென்னையில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர், எல்லாக் காகிதங்களையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, இது தசையை ஆட்டும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்றார். மருந்து இல்லை. நரம்புப் பரிசோதனையை முதலில் பார்த்திருந்தால் எவரும் கத்தி வைத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சித்தூரில் நுகர்வோர் வழக்குப் போட்டேன். மனுவில் இரண்டு குற்றச்சாட்டுகள். பரிசோதனைக்குக் காத்திராமல் அறுத்தது ஒன்று. அறுத்தாலும் குணமாகாமல் போகலாம் என்பதை நோயாளிக்கு விளக்காமலே கையெழுத்து வாங்கியது மற்றொன்று. சம்மதப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் அவள் கையெழுத்து தெலுங்கில் கோணலாக இருந்தது. அவள் தெலுங்கில் கையெழுத்துப் போடுவது எனக்கு எப்போதும் தெரியும். வங்கியும் ரேஷனும் ஆந்திராவில் இருப்பதால் அப்படிப் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மனு எழுதும்போது அவளுக்குப் பேச்சு முற்றிலும் நின்றிருந்தது. கண்ணால் பேச எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை. நான் அவள் அருகில் உட்கார்ந்து கேட்டேன்.

"அறுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட வெவரமா சொன்னாங்களா?"

அவள் கண்ணை மூடினாள். நெடுநேரம் திறக்கவில்லை, இமை ஓரத்தில் நீர் வந்தது. நான் எழுந்துபோய், பென்சிலை எடுத்து 'விளக்கப்படவில்லை' என்று மனு வரைவில் எழுதினேன்.

எதிர்த்தரப்பு, அவளுக்குப் புரிந்த மொழியிலேயே எல்லாம் விளக்கப்பட்டது என்று பதில் தாக்கல் செய்தது. எங்கள் வக்கீல் சித்தூர்க்காரர், தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். "சம்பத்காரு, கண்ண மூடினாங்கன்னு நான் அங்க நின்னு சொன்னா சிரிப்பாங்க. உங்க சம்சாரமே ஒரு வார்த்தை சொல்லணும். எப்படியாவது சொல்ல வெச்சி வீடியோ எடுத்துக்கினு வாங்க" என்றார்.

அப்போது அவள் உடம்பில் சொன்னபடி அசைந்தது இடது கைச் சுட்டுவிரல் ஒன்றுதான். அதுவும் நெடுநாள் நிற்காது என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த விரல் நின்றுபோகும் முன் அவளைப் பேசவைக்க வேண்டும். எனக்கு அதற்குமேல் வேறு எண்ணமில்லை.

செல்போனில் முயன்றேன். எழுத்துகள் சிறியவை, விரல் நடுங்கி நான்கை ஒன்றாகத் தொட்டது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே வெளிநாட்டில் செய்த கருவி உண்டு. அது எங்கள் கைக்கு எட்டாதது. லாட்ஜின் ஸ்டோர் ரூமில், கிழிந்த தலையணை உறைகளுக்கு அடியில், வரவேற்பறையில் முன்பு இருந்த லேப்டாப் கிடந்தது. மேனேஜரிடம் கேட்டேன். "ஆன் பண்ணா மாடி டேங்க் ரொம்பற வரைக்கும் ஓப்பன் ஆவாது, எடுத்துக்கினு போ" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பேட்டரி செத்திருந்தது. மின்சாரத்தில் செருகினால்தான் உயிர். உள்ளே இருந்த விண்டோஸ், திரையில் ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, பழைய கணினிகளுக்கென்றே எடை குறைத்துச் செய்து எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கும் லினக்ஸ் வகையொன்றைப் போடலாம் என்று வீடியோக்களில் பார்த்தேன். ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்தி எழுதும் விசைப்பலகை அதில் உண்டு. தமிழ் எழுத்தை உரக்கப் படிக்கும் குரலும் உண்டு. செய்முறைகளை அச்சிட்டு, முக்கியமான இடங்களுக்கு அடிக்கோடிட்டு, வழக்கு ஃபைலுக்குப் பக்கத்தில் தனி ஃபைலாக வைத்தேன்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மதியம் ஹேமநாத் கூடை நிறைய மாம்பழத்துடன் வந்தான். அக்காவால் எதையும் மென்று விழுங்க முடியாது என்று தெரிந்தும் கொண்டுவந்திருந்தான். திறந்து கிடந்த லேப்டாப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இந்த வயசுல கம்ப்யூட்டர் கிளாசா?"

"உங்கக்கா பேசப் போறா."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "பேசி இன்னா ஆவப்போவுது? நிம்மதியா வுடுங்க மாமா அவள."

"கோர்ட்டுல கேக்கறாங்க மச்சான். அவ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அந்தக் கேஸ வுட்டுத் தொலைங்க. அத்தக் கட்டிக்கினு எத்தினி நாளு அலைவீங்க?"

பவ்யாவிடம் போனில் இதைச் சொன்னபோது, மாமா அம்மாவைப் பார்க்கத் தாங்காமல் பேசுகிறார் என்றாள். நானும் அப்படியே நினைத்தேன். நான் போட்டுக் கொடுத்த காபியை அவன் குடிக்காமலே போயிருந்தான்.

முதல் தடவை இன்ஸ்டால் பாதியில் கெட்டது. ஹார்ட் டிஸ்க் வட்டுக்குள் கோப்புகள் இறங்கிக்கொண்டிருந்தபோது தெருவில் கரண்ட் போயிற்று. பேட்டரி இல்லாத கணினி அந்த நொடியே அணைந்தது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி மட்டும் வந்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பென் டிரைவில் மீண்டும் முதலிலிருந்து எழுதிக்கொண்டு, கணினியை லாட்ஜுக்குத் தூக்கிப்போய், ஜெனரேட்டர் அறையில் பேட்டரி பேக்கப் உள்ள இணைப்பில் செருகினேன். மதியத்துக்குப் பிறகு அறைகள் காலியாகி, மோட்டாரும் ஓடாத நேரம்.

பென் டிரைவிலிருந்து கணினி எழுந்ததும் முதல் கேள்வியாக மொழியைக் கேட்டது. நீண்ட பட்டியல். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் இருந்தது. கீழே இறங்கிக்கொண்டே போனேன். இந்தி, வங்காளம், குஜராத்தி, பிறகு தமிழ். தமிழுக்கு அடுத்த வரி தெலுங்கு. நான் தமிழில் நிறுத்தி அழுத்தினேன். வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று பிறகு கேட்டபோது ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்தேன். மொழியைக் கேட்டபோது யோசிக்கவே இல்லை.

முடிந்து மறுபடி எழுந்தபோது திரை முழுவதும் தமிழ். கோப்பு, திருத்து, பார்வை, அமைப்புகள். டேங்க் நிரம்பும் வரை வட்டம் சுற்றிய கணினி இப்போது விளக்குப் போல எரிந்தது. ஜெனரேட்டர் அறையில் நான் தனியாகச் சிரித்தேன்.

திரையில் விசைப்பலகை ஒன்று வரும். அதன் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை ஒளிரும்போது ஒரு தட்டு. பிறகு அந்த வரிசையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு தட்டு. பழைய மௌஸைப் பிரித்து, அதன் இடது பொத்தானுக்குப் போகும் இரண்டு முனைகளில் ஒயர் பற்றவைத்து, லாட்ஜில் கழற்றிப் போட்ட காலிங் பெல் சுவிட்சில் இணைத்தேன். ஸ்பிரிங்கை நறுக்கி மெத்தென்று ஆக்கினேன். எழுதிய வரியை முடித்ததும் அதைக் குரல் படிக்கும்படி சில வரிக் கட்டளைகளைத் தேடிக் கற்று எழுதினேன். அந்தக் குரல் ஆண் குரலாக, தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. சுருதியை ஏற்றிப் பெண் குரலுக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவந்தேன்.

சுலோசனாவின் விரலுக்கு அடியில் சுவிட்சை வைத்தேன். எப்படி என்று விளக்கினேன். மேலே பார்த்தாள், புரிந்துவிட்டது.

வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கி, மீண்டும் மேலே போய், மீண்டும் இறங்கியது. அவள் தட்டவில்லை.

வேகத்தைக் குறைத்தேன். எழுத்துகளைப் பெரிதாக்கினேன். விரல் போய்விட்டதோ என்று சுவிட்சைப் பழையபடி மணியில் இணைத்துப் பார்த்தேன். மணி அடித்தது; விரல் இருந்தது. திரைக்கு மாற்றினால் தட்டமாட்டாள். நாட்கள் இப்படியே போயின. ஒருநாள் என் குரல் உயர்ந்துவிட்டது.

"உனக்கோசரம்தானே இத்தனையும்? ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்துத் தட்டக் கூடாதா?"

அவள் அழத் தொடங்கினாள், பிறகு அது சிரிப்பாயிற்று, பிறகு மீண்டும் அழுகை. அந்த நோயில் இரண்டும் கட்டுக்குள் நிற்பதில்லை. எது எதற்கென்று பார்ப்பவருக்குத் தெரிவதுமில்லை.

பவ்யா ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அந்த வாரம் வந்தவள் அம்மாவின் தலையை வாரிவிட்டு, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இது தமிழ்ல கீது?"

"பின்ன? உங்கம்மா தமிழ்தானே?"

"அம்மா பேசறது தமிழ். படிச்சது தெலுகு மீடியம். எனக்கு அ ஆ இ ஈ சொல்லிக் குடுத்ததே அம்மாதான், தெலுகுல. ஒரு தமிழ் எழுத்துகூட அதுக்குத் தெரியாதே!"

"பத்திரிகை வந்தா பாக்குமே?"

"போட்டோவ பாக்கும். உங்களுக்குத் தெரியாதா? நெஜமாவா? இத்தினி வருஷமா கூட இருந்துக்கினு?"

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். சுலோசனாவின் கண் மேலே போயிற்று. ஆமாம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது; இம்முறை எதற்கென்று எனக்குத் தெரிந்தது. மூச்சு முட்டும் வரை சிரித்தாள். பவ்யா அவள் மார்பைத் தடவிக்கொண்டே, "பைல்ல இந்த வெவரம் இல்லியா நைனா?" என்றாள்.

எனக்கோ தெலுங்கு பேசத்தான் வரும். பஸ் போர்டில் ஊர்ப் பெயரை வடிவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரே பேச்சு இருந்தது, ஒருவர் எழுத்து ஒருவருக்குத் தெரியாது. எழுதிப் பேச வேண்டிய தேவை அதற்கு முன் வந்ததில்லை.

விசைப்பலகையைத் தெலுங்குக்கு மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. குரலையும் தெலுங்காக்கினேன். வெளிச்சம் முதல் சுற்றில் மூன்றாம் வரிசைக்கு வருமுன்பே சுவிட்ச் தட்டப்பட்டது. அவள் விரல் அவசரப்பட்டது. தவறிய எழுத்தை அழித்து அழித்து எழுதினாள். காத்திருந்தோம். பிறகு, அவள் தெலுங்கு எழுத்தில் எழுதிய எங்கள் ஊர்த் தமிழை, கணினி தெலுங்குச் செய்தி வாசிப்பவரின் இழுவையில் பேசியது:

"ரசத்துல உப்பு இல்ல. தீபாவளிலர்ந்து இல்ல."

பவ்யா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரசம் நான் வைப்பதுதான்.

அடுத்த வாரங்களில் அவள் பேசியவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. ஃபேனைக் குறை. காலை மடக்கு. எதிர் வீட்டுக்காரி வந்தால் தூங்குகிறேன் என்று சொல். சில நாள் ஒரு வரிக்கு முற்பகல் முழுவதும் ஆயிற்று. விரல் தளர்ந்துகொண்டே வந்தது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. வக்கீல் இரண்டு முறை போன் செய்தார், தேதி நெருங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டேன். வக்கீல் எழுதித் தந்த கேள்வியைப் படித்தேன். அறுவைக்கு முன்பு, குணமாகாமல் போகலாம் என்று உங்களிடம் யாராவது விளக்கினார்களா?

சுலோசனா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். தட்டத் தொடங்கினாள்.

எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவை வளைவுகள் மட்டுமே. என் பக்கத்தில் நின்ற பவ்யா படித்துக்கொண்டே வந்தாள். முதலில் அவள் உதடு அசைந்தது. பிறகு அசைவு நின்றது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"நைனா, இன்னிக்கிப் போதும். அம்மாக்கு அலுப்பா கீது. ஆஃப் பண்ணிடலாம்."

"முடிக்கட்டும் இரு."

"சொல்றேன்ல நைனா. போனயாவது நிறுத்துங்க."

"இரும்மா."

வெளிச்சம் இறங்கி, ஏறி, இறங்கியது. பவ்யா என் முழங்கையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்து நின்றாள். சுலோசனா கடைசி எழுத்தைத் தட்டி வரியை முடித்தாள். குரல் பேசியது.

"பவ்யா நைனா. சொன்னாங்க. அறுத்தாலும் கை வராமப் போலாம்னு தெலுகுல நல்லா சொன்னாங்க. நான்தான் சரின்னேன். உங்ககிட்ட சொல்லாதேன்னு ஹேமநாத்துகிட்ட சத்தியம் வாங்கிக்கினதும் நான்தான். நீங்க காயிதம் காயிதமா கேட்டுக்கினு இருப்பீங்க. நான் கடைக்குப் போவணும்."

பவ்யா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அன்று கண்ணை மூடினாயே என்று கேட்க வாயெடுத்தேன். அதன் விடையும் அந்த வரியிலேயே இருந்தது. 'இல்லை' என்று சொல்ல மூடிய கண் அல்ல அது. என் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடியது.

அவள் மீண்டும் தட்டத் தொடங்கினாள். இம்முறை சிறிய வரி.

"இத்தயும் பைல்ல வெச்சிக்கோங்க."

கேலியா, கோபமா, மன்னிப்பா என்று அந்தக் குரலில் எதுவும் தெரியாது. அதற்கு ஒரே தொனிதான்.

ஹேமநாத்தை அன்று மாலையே போனில் கூப்பிட்டேன். அக்கா எழுதியதைச் சொன்னேன். அவன் சொன்னான்: "தலைமேல கை வெச்சி சத்தியம் வாங்கிக்கினா மாமா. ஆபரேஷன் ஆன அன்னிலர்ந்து உங்க மூஞ்சப் பாக்க முடியல எனக்கு." நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவன் மாதம் ஒருமுறை வருகிறான். நாங்கள் மாம்பழ விலையைப் பற்றிப் பேசுகிறோம்.

சித்தூரில் வக்கீல் என் செல்போனிலேயே வீடியோவைப் பார்த்தார். அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது யாருகிட்டல்லாம் கீது?"

"என்கிட்ட மட்டும்தான்."

"டெலிட் பண்ணிடுங்க. உங்க சம்சாரத்தால எழுத முடியலன்னு சொல்லிக்கலாம். யாரு வந்து பாக்கப்போறாங்க? கண்ண மூடினாங்கல்ல, அது போதும் நமக்கு."

"அது போதாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப போதும்ங்கறேன்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சம்பத்காரு, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். இத நீங்களே குடுத்தா, பாதி கேஸு இன்னிக்கே போச்சு. மீதிப் பாதிக்கும் அவங்க இதையே காட்டுவாங்க. பேஷண்ட்டே தெரிஞ்சுதான் ஒத்துக்கினாங்கன்னு."

வழக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. என் பையில் மருத்துவமனையின் நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தது. முதலில் தர மறுத்து, நான் எழுதி எழுதிக் கேட்ட பிறகு தந்த காகிதம் அது. அதை மறைத்தார்கள் என்று நான் மனுவில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை எழுதிய கையால் இதை அழிக்க எனக்கு வரவில்லை.

லாட்ஜின் கணினியில் வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றினேன். லினக்ஸ் போட்ட அதே பென் டிரைவ், வேறு வாங்கவில்லை. அவள் எழுதியதைத் தெலுங்கு எழுத்தில் உள்ளபடியே அச்சிட்டு, பவ்யா தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததை உடன் இணைத்தேன். இரண்டாம் குற்றச்சாட்டைக் கைவிடுவதாக ஒரு மனு எழுதினேன். வக்கீல் கையெழுத்துப் போட்டு, ஃபைலை என் பக்கம் தள்ளினார். எதிர்த்தரப்பு வக்கீல் தம் பிரதியைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, தலையை அசைத்தார். மரியாதைக்குச் செய்ததுபோல்தான் இருந்தது. அடுத்த தேதி கோடைக்குப் பிறகு போடப்பட்டது. பரிசோதனைக்குக் காத்திராமல் அறுத்தது பற்றிய முதல் குற்றச்சாட்டு இன்னும் நிற்கிறது. எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியவில்லை.

பேருந்து திருப்பதி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஷேர் ஆட்டோவில் திருச்சானூருக்கு வந்தேன். அவள் வேலை செய்த கடையில் இப்போது ஓர் இளம்பெண் இருக்கிறாள். வருகிற ஒவ்வொருவரிடமும் டோக்கனைக் கேட்டு வாங்கி, எண் பார்த்து எடுத்துத் தருகிறாள்.

வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். சுலோசனா விழித்திருந்தாள். திரையில் வெளிச்சம் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

"குடுத்துட்டேன்" என்றேன். "நீ சொன்னத அப்படியே குடுத்துட்டேன்."

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அசைய முயன்றது தெரிந்தது. தோல் மட்டும் துடித்தது, சுவிட்ச் இறங்கவில்லை. வெளிச்சம் கடைசி வரிசைக்குப் போய் மீண்டும் முதல் வரிசைக்கு வந்தது. நான் ஸ்பிரிங்கை இன்னும் தளர்த்தினேன். சுவிட்சைக் கட்டைவிரலுக்கு மாற்றினேன். பிறகு காலுக்கு. எதுவும் தட்டவில்லை.

"செஞ்சது சரியா?" என்று கேட்டேன்.

அவள் கண்களை மூடினாள்.

பென்சில் என் சட்டைப் பையில் இருந்தது. இம்முறை 'இல்லை' என்று எழுதிக்கொள்ள நான் அதை எடுக்கவில்லை. அடுப்பில் ரசம் வைத்தேன், உப்பை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துப் போட்டேன். கரண்டியில் ஆறவைத்து அவள் உதட்டில் ஒரு சொட்டு வைத்தேன்.